வெறுங்கைதான் பேசும்!



எதிரணி நண்பர் கேட்டார்: "அமெரிக்காவில துப்பாக்கியைத் தோளில மாட்டிக்கிட்டு ஊர்வலம் போறான். அதுவும் கருத்துச் சுதந்திரம்தானே?"

ஐயா, துப்பாக்கியோட நிக்கிறவன்கிட்ட நீங்க மாற்றுக்கருத்து சொல்வீங்களா? (சிரிப்பு) பட்டிமன்றமே நடக்காதே! (கைதட்டல்)

ஆயுத உரிமை நமக்கும் புதுசில்லை. விதிகளுக்கு உட்பட்டு அந்த உரிமை வேணும்னு 1931-இல் கராச்சி காங்கிரசே கேட்டது. ஆனா 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு என்ன சொல்லுது? கூடலாம்; அமைதியாக, ஆயுதமின்றி!

அது பலவீனமா? 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெறுங்கைதான். அமைச்சர்களே பேச வந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாச்சு. அங்கே ஒருத்தர் தோளில ஒரு துப்பாக்கி தொங்கியிருந்தா? ஊரே துப்பாக்கியைப் பத்திப் பேசியிருக்கும். சங்கத்தைப் பத்தி யார் கேட்டிருப்பா?

1991 மே 21 இரவு, இதே ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் வெடிகுண்டு பேசியது. பேச வந்த ராஜீவ் காந்தியும் போனார். உடன் நின்றவர்களும் போனார்கள். அந்தப் பேச்சுக்கு இந்த மண் கொடுத்த விலை போதாதா, நடுவர் அவர்களே?