கோலத்துக்கு என்ன அர்த்தம்?
(சீவலப்பேரி குழுக் கூட்டத்தில் பேசியது)

நாம் சிக்குக்கோலம் வரைந்து விற்கிற துணிப்பையைப் பார்த்து, “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்கிறார்கள். “சும்மா போட்டதுக்கா” என்கிறோம். அப்புறம் விலையையும் சும்மாவே கேட்பாங்க! அதுக்காக இல்லாத சாமிக்கதையும் கட்ட வேண்டாம்.

மயில், தேர் என்றால் பார்த்ததும் தெரியும். சிக்குக்கோலத்தில் அர்த்தமே கணக்குதான். 7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி என்றால் மொத்தம் 37. ஒன்றையும் தொடாமல், ஒன்றையும் விடாமல் சுற்றணும். ஒரே இழைக் கோலமென்றால் தொடங்கின இடத்திலேயே வந்து சேரணும். ஒரு வளைவு மாறினாலும் இழை இரண்டாகிப் போகலாம். கோலங்களைச் சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதினார்கள்.

இனி யாராவது கேட்டால் பையைக் கையில் கொடுத்து, “இழை மேல விரலை வச்சு ஒரு சுற்று வாங்க” என்று சொல்லுங்க. விலையை அப்புறம் பேசலாம்.