போகிற கப்பலில் ஒரு பெட்டி

 

நான் பள்ளிப் படிப்பு மட்டும் படித்தவள். விஞ்ஞானி அல்ல. ஆனாலும் இன்று துருவக் கடல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பூமியின் வட கோடியிலும் தென் கோடியிலும் பனி மூடிய கடல்கள் உள்ளன. அவற்றை ஆராய்வது யார்? விஞ்ஞானிகள் மட்டும்தானா?

பக்கத்து ஊருக்கு ஒரு பொருளை அனுப்ப வேண்டும். அதற்காக நாம் தனி வண்டி பிடிக்கிறோமா? இல்லை. போகிற பஸ்சில் டிரைவர் அண்ணனிடம் கொடுத்து விடுகிறோம். இங்கிலாந்து விஞ்ஞானி அலிஸ்டர் ஹார்டியும் இதைத்தான் செய்தார்.

1925-ஆம் ஆண்டு ஹார்டி 'டிஸ்கவரி' என்ற கப்பலில் தென் துருவக் கடலுக்குப் புறப்பட்டார். திமிங்கலத்தின் இரை எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று அறிய வேண்டும். கடல் நீரில் மிகச் சிறிய செடிகளும் பூச்சி போன்ற உயிர்களும் மிதக்கின்றன. இவற்றை மிதவை உயிர்கள் என்கிறோம். மீன்களும் திமிங்கலங்களும் இவற்றை நம்பியே வாழ்கின்றன.

இவற்றைப் பிடிக்க ஹார்டி ஓர் உலோகப் பெட்டி செய்தார். அதைக் கம்பிக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்னால் இழுப்பார்கள். பெட்டியின் முன்னால் சிறு துளை. அதன் வழியே தண்ணீர் நுழையும். உள்ளே சல்லடை போல ஒரு பட்டுத் துணி. தண்ணீர் போய்விடும். உயிர்கள் துணியில் தங்கும். ஓடும் தண்ணீர் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் துணியை மெல்ல நகர்த்தும். இன்னொரு பட்டுத் துணி வந்து மேலே மூடிக்கொள்ளும். பிறகு இரண்டும் சேர்ந்து சுருளும்.

ஆராய்ச்சிக்கென்று தனிக் கப்பல் விட்டால் செலவு மிக அதிகம். அதனால் 1931-இல் இந்தப் பெட்டியைச் சரக்குக் கப்பலில் கட்டினார்கள். கப்பல் தன் வேலையாகப் போனது. பெட்டி கூடவே போனது. இந்த முறை இன்றும் தொடர்கிறது. தென் துருவக் கடலில் 1991-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதைத் தொடங்கினார்கள். துருவ நிலையங்களுக்குச் சாமான் கொண்டு போகும் கப்பல்கள் பெட்டியை இழுக்கின்றன.

பெட்டியைக் கடலில் இறக்குவது யார்? மாலுமிகள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் இறக்கினோம், எங்கே ஏற்றினோம் என்று அவர்கள் எழுதி வைக்கிறார்கள். அந்தச் சில வரிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? எந்த உயிர் எங்கே அகப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. பட்டுத் துணி வெறும் துணிதான்.

இதனால் என்ன பயன்? ஒன்று சொல்கிறேன். 1999-இல் கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே உள்ள கடலில் இப்படி ஒரு துணி கிடைத்தது. அதில் பசிபிக் கடலைச் சேர்ந்த ஒரு நுண்பாசி இருந்தது. அட்லாண்டிக் பக்கத்தில் எட்டு லட்சம் ஆண்டுகளாக அது இல்லை. எப்படி வந்தது? வட துருவத்தில் பனி உருகி வழி திறந்திருக்கிறது. அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். பூமி சூடாவதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி காட்டிக் கொடுத்தது!

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1981 டிசம்பரில் டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து தென் துருவப் பகுதிக்குப் புறப்பட்டார்கள். போனது 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே நாட்டு வாடகைக் கப்பலில்தான்.

"எங்கேயோ இருக்கிற கடல் எப்படிப் போனால் நமக்கென்ன, கண்ணு?" என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. உலகில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதி, கடலில் மிதக்கும் இந்தச் சிறு செடிகளால் உண்டாகிறது. காற்றில் உள்ள கரியமில வாயுவையும் இவை எடுத்துக் கொள்கின்றன. அவை குறைந்தால் நமக்கும் கேடுதான், பாட்டி.

படித்தவர் கருவி செய்தார். கப்பல்காரர் இடம் கொடுத்தார். மாலுமி கயிற்றைப் பிடித்தார், கணக்கு எழுதினார். ஒருவர் விட்டாலும் வேலை நடக்காது. மாலுமியைக் கேட்டால், "நான் சும்மா கயிறு பிடித்தேன்" என்று சொல்லலாம். அது சும்மா இல்லை.