சாவி கொடுத்தால் சுகமே!

(குற்றாலத்தில் நடைபெற்ற பட்டிமன்றம். தலைப்பு: கடல் கடந்த பிள்ளைகளிடம் போய்த் தங்குவது பெற்றோருக்குச் சுகமா? சிறையா?)

நடுவர் அவர்களே! 'சிறையே' என்று முழங்கிவிட்டு, போன வாரம்தான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) சாரலில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு ஊர், பக்கத்திலே இலஞ்சி. குமாரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்கள் ஊரில் பயணம் கிளம்புவோம். நானும் என் மனைவியும் அப்படித்தான் கிளம்பினோம், மகளின் பிரசவத்துக்கு, நியூஜெர்சிக்கு. ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. நாலு பெட்டியிலும் தேடிப் பார்த்தால் என் வேட்டி நாலு. மிச்சமெல்லாம் பருப்புப்பொடியும் பேறுகால மருந்தும்! (சிரிப்பு)

எதிரணி அம்மா அடுக்கினார்கள். தெருவிலே ஆள் இல்லை, கார் ஓட்டத் தெரியாது, உடம்புக்கு வந்தால் செலவு. உண்மைதான் அம்மா, நான் மறுக்கவே வரவில்லை. அந்த நாட்டு முதியோருக்கு மெடிகேர் என்று ஓர் அரசுத் திட்டம் உண்டு. சுற்றுலா விசாவில் போகிற நமக்கு அது கிடையாது. நாமே காப்பீடு வாங்கிக்கொண்டு போகணும். அதிலும் பழைய சர்க்கரை, பழைய இருதயக் கோளாறு பெரும்பாலும் சேராது. எனக்குப் பல்வலி வந்தது. ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், வலிக்கிற அதே பல்லை! (சிரிப்பு)

ஆனாலும் ஒன்று யோசியுங்கள். 1973 வரைக்கும் ரஜூலா என்று ஒரு கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. அதில் ஏறிய பிள்ளைகளை வழியனுப்பிய தாய்மாரில் எத்தனை பேர், பிள்ளை குடியிருந்த வீட்டைக் கண்ணால் பார்த்தார்கள்? மணியார்டரிலே கையெழுத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மகள் சமைக்கிற அடுப்பை நேரில் போய்ப் பார்க்கிற கொடுப்பினை நம் தலைமுறைக்குத்தான் பரவலாக வாய்த்தது. அதைச் சிறை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை ஐயா.

சுகம்தான் என்றால் சங்கடம் எங்கே வந்தது? சொல்கிறேன். போன முதல் வாரம், ராத்திரி என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, குளிரா இருக்குன்னு ஹீட்டரைக் கூட்டலாமா, இல்ல கேட்டுட்டுத்தான் கூட்டணுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அது நவம்பர் மாதம். நாலரை மணிக்கே இருட்டிவிடும். மகளும் மனைவியும் டாக்டரிடம் போயிருந்தார்கள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினேன். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. திரும்பி வந்தால் உள்ளே போக வழியில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசல் படியிலே நின்றேன். கார் வந்து நின்றது. மகள் நிறைமாத வயிற்றோடு ஓடி வந்தாள். "ஏம்ப்பா போன் பண்ணலை?" "டாக்டர்கிட்ட இருப்பே, தொந்தரவு எதுக்குன்னுதாம்மா..."

அவள் அழுதுவிட்டாள். "இலஞ்சி வீட்டுக்குள்ள வர்றதுக்கு நான் என்னைக்காவது தொந்தரவுன்னு நெனச்சிருக்கேனாப்பா?"

மறுநாள் காலையில் என் உள்ளங்கையிலே ஒரு சாவி. நடுவர் அவர்களே, விசா தந்தது அமெரிக்கா. சாவி தந்தது என் மகள்! (கைதட்டல்) விசா என்னை அந்த நாட்டுக்குள் விட்டது. சாவிதான் அந்த வீட்டுக்குள் விட்டது. அதற்கப்புறம் நான் தனியாக நூலகத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக நியூயார்க் ஃப்ளஷிங்கில், 1977லே குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். கீழே கேண்டீனில் தோசை. பக்கத்து மேசையிலே இன்னொரு தாத்தா. பேச்சுக்குப் பஞ்சமா? என் மனைவி ஹீட்டரைக் கேட்காமலே கூட்டினாள்!

வள்ளுவர் எப்படி வைத்தார் பாருங்கள். ஏழாவது அதிகாரம் மக்கட்பேறு. ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். நடுவிலே எட்டாவது? அன்புடைமை! பிள்ளை வீட்டிலே நாம் ஒன்பதாவது அதிகாரத்திலே போய் உட்கார்ந்துகொண்டால் ஆறு மாதமும் சிறைதான். எட்டிலேயே தங்கிவிட்டால் சுகம்தான். (கைதட்டல்)

கடல் கடந்த பிள்ளைகளே! அழைப்புக் கடிதம் அனுப்புகிறீர்கள், டிக்கெட் அனுப்புகிறீர்கள். வந்து இறங்கிய அன்றைக்கே ஒரு சாவியும் கொடுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகள் கொடுக்க மறந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டு, வாசலிலே நின்ற முட்டாள் நான்தான்.

இன்னொன்று. அங்கே பள்ளிக்கூடம் ஜூனிலே மூடினால் செப்டம்பரை ஒட்டித்தான் திறப்பார்கள். சரியாக நம்ம சாரல் காலம்! அன்றைக்குப் பிறந்த பேரனுக்கு இப்போது ஆறு வயது. மூன்று வார லீவில் வந்திருக்கிறான். வந்த அன்றைக்கு வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு, "தாத்தா, உள்ளே வரலாமா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது.

இலஞ்சி வீட்டுச் சாவி இப்போது என்னிடம் இல்லை, நடுவர் அவர்களே. முன்வரிசையிலே ஆச்சி மடியில் உட்கார்ந்திருக்கிறானே, அவன் கையிலே இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி அவன் திறந்துவிட்டால்தான் நான் உள்ளே போக முடியும்!

(பலத்த கைதட்டல்)