வெப்பமானி கை மாறிய கதை



'யங் இந்தியா'வில் 1929 டிசம்பர் 12 அன்று வெளியான ஒரு கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக்குறிப்புகளில் எடுத்துத் தருகிறார். கத்தியவாரில் ஆசிரியராக இருந்த தீண்டப்படாதவர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாளில் மூச்சுத் திணறிக் கிடக்கிறார். மருத்துவர் சேரிக்குள் வரமாட்டார்; வெளியே கொண்டுவரச் சொல்கிறார். வெப்பமானியை ஒரு இஸ்லாமியரிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். திரும்பியதும் அதே வழி. அந்தப் பெண் இறந்துபோனார். மருத்துவர் கட்டணம் கேட்கத் தவறவில்லை: இரண்டு ரூபாய்.

தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவு 1950-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதைச் செயல்படுத்த வந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தை (இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்கிறோம்) எடுத்து 5-ஆவது பிரிவைப் படியுங்கள். தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது குற்றம். சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதும் குற்றம். இந்த இரண்டாவது பாதியை நம் வழக்கறிஞர்களே மறந்துவிடுகிறார்கள். படுக்கை தந்துவிட்டு, தொடாமலே மருந்துச்சீட்டு எழுதுவது இதற்குள்தான் வரும். 12-ஆவது பிரிவு இன்னும் முக்கியம்: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லையென்று காட்டுவது எதிரியின் பொறுப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும் மருத்துவமனைக்குள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது.

சாதி பேசாத தீர்ப்புகளும் நமக்கு உதவும். அவசர நிலையில் வருபவரைப் போலீஸ் நடைமுறைக்காகக் காக்கவைக்கக் கூடாது, அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இருவருக்கும் இது கடமை என்றது 1989-இன் பரமானந்த் கட்டாரா தீர்ப்பு. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. அவருக்காக விவசாயத் தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 1996-இல் 25,000 ரூபாய் இழப்பீடு கிடைத்தது. உயிர் காக்கும் சிகிச்சை மறுப்பு 21-ஆவது பிரிவை மீறுவது, நிதி இல்லை என்று அரசு தப்ப முடியாது என்றது நீதிமன்றம். போனது சங்கம் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் வழக்குக்குத் தாள் வேண்டும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரவேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். அரசு மருத்துவமனையென்றால் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது: உயிர் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரம்தான் கெடு.