சினிமாப் பக்கத்து ஆசிரியர்



பேப்பரை எடுத்ததும் சினிமாப் பக்கத்தைத் தேடுவோர் நம்மில் அநேகர். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் அப்படித்தான். மணிலாவின் பெரிய நாளிதழ்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. ஜீப்னி ஓட்டுகிறவரும் சந்தையில் மீன் விற்கிற அம்மாவும் வாங்குவது அபாந்தே, பிலிப்பினோ ஸ்டார் ஙாயோன் போன்ற பிலிப்பினோ மொழி ஏடுகளையே.

அவற்றின் சினிமாப் பக்க ஆசிரியரை, ‘கிசுகிசு போடுகிறவர்தானே’ என்று இளப்பமாக எண்ணிவிடாதீர்கள். நோரா அவுனோர் என்ற நடிகையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமியாக ரயிலடியில் தண்ணீர் விற்றவர். 1967-இல் ஒரு பாட்டுப் போட்டியில் வென்று சினிமாவுக்கு வந்தார். வெள்ளைத் தோலையே அழகென்ற திரையுலகில் மாநிறத்தோடு நின்று ஜெயித்தார். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அவரைத் தங்களில் ஒருத்தியாகவே கொண்டாடினார்கள். 2022-இல் தேசியக் கலைஞர் விருது, 2025-இல் மறைவு. இப்படிப்பட்டவரைப் பற்றிய செய்தியை அந்தப் பெண்களுக்கு விளங்குகிற பேச்சுமொழியில், ஆனால் கொச்சை இல்லாமல் எழுதவேண்டும். லேசான வேலையா அது?

அடுத்தது வதந்தி. ‘சிஸ்மிஸ்’ என்பார்கள் அங்கே. அவதூறு அந்நாட்டில் குற்றம். சிறைக்கும் போக நேரலாம். அதனால் பெயரை விட்டுவிட்டு, அடையாளத்தை மட்டும் சொல்லி எழுதும் பழக்கம் உண்டு. நம்ம கிசுகிசு மாதிரியேதான்! என்னைக் கேட்டால், படிப்பவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் பெயர் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே கிடையாது. பேப்பர் விற்கவும் வேண்டும், ஒரு பெண்ணின் மானமும் போகக்கூடாது. நிருபர் கொண்டுவந்த துணுக்கைப் போடுவதா, விடுவதா என்று அச்சுக்குப் போகுமுன் தீர்மானிக்க வேண்டியவர் அந்த ஆசிரியர்தான்.