நெடுந்தூர ஓட்டமும் நகரத்தார் கடமையும்

(தேவகோட்டையில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நமது மேடைக்குச் சிறிது புதியது. நம் வாலிபர் சிலர், அரிய நோயால் வருந்தும் ஒரு குழந்தையின் வைத்தியத்திற்குப் பொருள் திரட்டும் பொருட்டு, வருகின்ற ஜனவரியில் சென்னையில் நடைபெறும் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொள்ளக் கருதியிருக்கின்றனர். அதனைக் கேள்வியுற்ற பெரியோர் சிலர், "கொடுக்க மனமுள்ளவன் கொடுத்துவிட்டுப் போகட்டும், அதற்கு ஓடுவானேன்?" என்று வினவினர். வினா நியாயமானதே. அதற்கு விடை கூறுவதே என் நோக்கம். அக்குழந்தையின் பெயரையும் வீட்டையும் இங்கே சொல்லேன். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு என்பது அதன் பெயர்; வைத்தியர்கள் எஸ்.எம்.ஏ. என்று சுருக்கிச் சொல்வர். நம் உடம்பின் உயிரணுக்களில் தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றுமாக மரபணுக்கள் இணையிணையாக அமைந்துள்ளன. தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் காக்கும் மரபணு ஒன்று இரு வழியிலும் பழுதுபட்டு வருமாயின், அந்நரம்பணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. குழந்தைக்குத் தலை நிற்பதில்லை, கால் உதைப்பதில்லை, பின்னர் மூச்சும் இளைக்கிறது. அறிவு மாத்திரம் சிறிதும் குறைவதில்லை. தாயின் முகத்தைப் பார்த்து நன்றாய்ச் சிரிக்கும். நோயின் கடிய வகை ஆறு மாதத்திற்குள் வெளிப்படும். வைத்தியம் இல்லையேல் இரண்டாண்டிற்குள் பெரும்பாலான குழந்தைகள் மரணமடையும், அல்லது சுவாசக் கருவியின் துணையிலேயே வாழ நேரும். ஏறக்குறைய பதினாயிரம் பிரசவங்களுக்கு ஒன்று என்ற அளவில் இந்நோய் காணப்படுகின்றது.

மருந்து இல்லையோவெனில், உண்டு. 2019-ஆம் வருஷம் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்த ஸோல்ஜென்ஸ்மா என்னும் ஒரே தடவை ஏற்றும் மருந்தின் விலை நம் நாணயத்தில் சுமார் 16 கோடி ரூபாய். 2021-ஆம் வருஷத்தில் நம் தமிழ் நாட்டுக் குழந்தை ஒன்றிற்காகப் பல்லாயிரம் ஜனங்கள் நூறும் ஐந்நூறுமாக அனுப்பி அத்தொகையைச் சேர்த்தனர், மத்திய அரசாங்கம் இறக்குமதி வரியை நீக்கியது, மருந்தும் ஏற்றப்பட்டது. நாள்தோறும் வாய்வழியே கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் என்னும் வேறொரு மருந்தும் உண்டு. குப்பி ஒன்று ஆறு லட்சம் ரூபாயளவில் விற்ற அம்மருந்தை, நீதிமன்ற வழக்குகளின் பின், 2025-ஆம் வருஷம் அக்டோபரில் ஹைதராபாத்து நாட்கோ கம்பெனியார் 15,900 ரூபாய்க்கு விற்கத் தொடங்கினர். எட்டாததாயிருந்தது எட்டக்கூடியதாயிற்று. ஆயினும் ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டிய மருந்தாதலின், ஒரு தடவை கண்ணீர் விட்டுக் கொடுக்கும் தர்மம் போதாது. வருஷந்தோறும் தவறாது வரும் தர்மம் வேண்டும்.

அரசாங்கத்தாரும் வாளா இருக்கவில்லை. 2021-ஆம் வருஷத்து அரிய நோய்க் கொள்கையின்படி, குறிப்பிட்ட உயர் வைத்திய நிலையங்களில் சேரும் நோயாளிக்கு இப்பொழுது 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கக்கூடும். நமக்கு அண்மையில் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் அத்தகைய நிலையங்கள் உள. ஆதலின் ஓடப் புறப்படுமுன் முதற்காரியம், குழந்தையின் பெயரை அங்கே பதிவு செய்வித்தல். அரசாங்கம் தருவதைப் பெறாது ஊரிடம் கேட்பது முறையன்று.

இனி, ஓடுவானேன் என்ற வினாவிற்கு வருவோம். கனடா தேசத்து டெர்ரி பாக்ஸ் என்ற வாலிபர், 1977-ஆம் வருஷம் தமது பதினெட்டாம் வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்தார். மருத்துவமனையில் தம்மோடு கிடந்த சிறு பிள்ளைகளின் துன்பம் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. ஓராண்டிற்கு மேல் பயிற்சி செய்து, பொய்க்காலுடன் 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரமாக, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலில் பரவியமையால் செப்டம்பர் முதல் தேதி நிறுத்த நேர்ந்தது. அடுத்த வருஷம் ஜூன் மாதம் 28-ஆம் தேதி, இருபத்திரண்டு வயதில் காலமானார். அவர் கேட்டதோ, கனடா ஜனம் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுக்க வேண்டுமென்பதே. 1981 பிப்ரவரிக்குள் அவ்வாறே 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அது அத்தேசத்தின் ஜனத்தொகைக்குச் சமமான தொகை.

பெரியோர்களே! தலைக்கு ஒரு டாலர் என்ற இக்கணக்கு நமக்குப் புதியதா? மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு, செல்வரென்றும் எளியரென்றும் பாராது புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வைத்துக் கோயில் காரியங்களை நடத்தியவர் நம் முன்னோர். வியாபாரத்தில் மகமை எடுத்து வைத்தவரும் அவரே. வடநாட்டான் ஒருவன் கோடி கொடுத்தான் என்பதைக் காட்டிலும், ஊரிலுள்ள புள்ளி ஒவ்வொன்றும் கொடுத்தது என்பதில் உள்ள பலம் பெரிது. ஏனெனில் அஃது அடுத்த வருஷமும் வரும்.

ஓட்டம் இப்புள்ளிக் கணக்கிற்கு ஒரு கருவி. ஒருவன் ஐந்து மாதம் விடியுமுன் எழுந்து ஓடுவதைக் காணும் அண்டை வீட்டார், எதன் பொருட்டு என்று கேட்பர். கேட்டவர்க்கு அவன் நோயைப் பற்றிச் சொல்வான். சொல்லச் சொல்லக் கொடுப்பவர் தொகை பெருகும். மும்பையில் 2004 முதல் நடைபெறும் மாரத்தானில் இவ்வழியில் பல தர்ம ஸ்தாபனங்கள் பொருள் பெற்று வருகின்றன. பெங்களூரில் அரிய நோய்களுக்கான சங்கத்தார் 2016 முதல் பிப்ரவரி மாத இறுதியையொட்டி, ஏழாயிரம் அரிய நோய்களைக் குறிக்கும் வண்ணம் ஏழு கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகின்றனர். மேலும், நோன்பிருந்து காவடி சுமந்து குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தாருக்கு, உடலை வருத்தி ஒரு நற்கருமம் செய்வதன் பொருளை நான் விளக்க வேண்டுவதில்லை.

ஓட விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொல்வேன். மாரத்தான் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் கொண்டது. மனவெழுச்சி ஒன்றைக் கொண்டு ஓடிவிடக்கூடியதன்று. இப்பொழுது ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட வல்லவனுக்கும் ஏறக்குறைய ஐந்து மாதப் பயிற்சி வேண்டும். ஆகவே ஆகஸ்டு மாதம் தொடங்குதல் நன்று. நம் சீமையின் வெயிலில் காலை ஐந்து மணிக்கு முன் புறப்படுக. கண்டதேவிச் சாலை வாரத்து நாட்களின் குறுகிய ஓட்டத்திற்குப் போதும். வாரத்தில் ஒரு நாள் மாத்திரம் நெடுந்தூரம் ஓடுக. வாரத்தின் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் கூட்டாதிருத்தல் பழகியவர் கைக்கொள்ளும் விதி. நான்காம் வாரந்தோறும் தூரத்தைக் குறைத்து உடம்பிற்கு ஓய்வு தருக. உடன் ஓடுபவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே சரியான வேகம். போட்டிக்கு மூன்று வாரம் முன்பாக முப்பது கிலோமீட்டர் அளவு ஒரு தடவை ஓடிப் பார்த்து, பின்னர்க் குறைத்துக்கொள்க. வியர்வையில் உப்பும் போகின்றமையால் வெறுந்தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்தே. உப்பிட்ட மோர் நன்று. நாற்பது வயது கடந்தவரும், நீரிழிவும் இருதய நோயும் உள்ள குடும்பத்தாரும் வைத்தியரைக் கண்ட பின்னரே தொடங்குக. ஒரு குழந்தையைக் காக்கப் போய் வேறொரு வீட்டைத் துக்கத்தில் ஆழ்த்துதல் கூடாது.

அடுத்தது கணக்கு. பேரேட்டையும் ஐந்தொகையையும் உலகிற்குக் காட்டிய நாம், தர்மக் கணக்கில் அசட்டையாயிருத்தல் தகாது. பணம் தனியாள் கணக்கில் சேராமல், பதிவு பெற்ற தரும ஸ்தாபனத்தின் கணக்கிலேயே சேர வேண்டும். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அந்நாட்டுக் குடிகளாகிவிட்ட நம் உறவினர் அவ்வாறு அனுப்பும் பணம் 2010-ஆம் வருஷத்து அந்நிய நன்கொடைச் சட்டத்திற்கு உட்பட்டது. அதற்குரிய அனுமதியுள்ள ஸ்தாபனமே அதனைப் பெறலாம். மாதந்தோறும் ஐந்தொகை எழுதி இப்பத்திரிகையில் வெளியிடுக. பணம் மிஞ்சினாலோ, குழந்தையைத் தெய்வம் அழைத்துக்கொண்டாலோ, எஞ்சிய பொருள் யாருக்கு என்பதை இப்பொழுதே எழுதி வையுங்கள். சொல்லக் கூசும் வார்த்தைதான். ஆனால் பின்னர் எழும் பேச்சு பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் தலையிலேயே விழும். ஓடுபவரின் பிரயாணச் செலவு அவரவர் கையினதாகட்டும்.

கடைசியாக, குழந்தையின் பெயரை ஏன் மறைத்தேன் என்பதைச் சொல்லி முடிப்பேன். "இந்த வீட்டில் இப்படியொரு நோய்" என்று தெரிந்தால் அத்தை மகளுக்கும் சித்தப்பா மகனுக்கும் வரன் அமையாது என்ற அச்சம் நம்மிடையே உண்டு. அவ்வச்சத்தால் நோயை மறைத்து, வைத்தியத்திற்குரிய காலத்தைக் கடத்திவிடுகின்றனர். இந்நோயிலோ கழிந்த மாதங்கள் திரும்புவதில்லை. பழுதான மரபணு ஒன்றை நோயின்றிச் சுமப்பவர் சுமார் ஐம்பதில் ஒருவர். இந்த அவையிலேயே அத்தகையார் சிலர் இருக்கலாம். அவர்க்கே அது தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. உறவல்லாதாரிடையும் இது நேர்வதால், மருமகளைப் பழிப்பது அறியாமை.

ஆயினும் நாமும் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே கோயிற் பங்காளிகளுக்குள் பெண் கொடுப்பதில்லை என்ற நம் வழக்கம் தந்தை வழிக் கலப்பைத் தடுக்கின்றது. அம்மான் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் முறையை அது தடுப்பதில்லை. சிறிய வட்டத்திற்குள்ளேயே நெடுங்காலம் மணந்துவந்த இனங்களில் சில அரிய நோய்கள் மிகுவதை ஹைதராபாத்து விஞ்ஞானிகளும் அமெரிக்க அறிஞரும் 2017-இல் விளக்கினர். ஆந்திர நாட்டு வைசியரிடத்தில் மயக்க மருந்தோடு கொடுக்கும் ஒருவகைத் தசைத்தளர்வு மருந்து ஒவ்வாத குறை மிகுந்திருத்தலை அவர்கள் எடுத்துக்காட்டினர். அவர்களும் நம்மைப் போல வணிகரே. ஆதலின் ஜாதகம் பார்க்கும் நாளிலேயே மரபணு ஆலோசனையும் கேட்டல் நலம். வேலூர்க் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் அதற்கெனவே ஒரு பகுதி உளது. இருவரும் சுமப்பவர் என்று தெரிந்தாலும் மணம் முறிய வேண்டுவதில்லை. கருவுற்ற மூன்றாம் மாதத்திலேயே சோதித்தறிய வழியுண்டு.

ஆகவே சபையோர்களே! நான் வேண்டுவன மூன்று. ஓடும் இளைஞரை நகையாடாது, அவர்தம் பேரில் ஒவ்வொரு புள்ளியும் இயன்றதைக் கொடுக்க வேண்டும். ஓட்டம் முடிந்தபின்னும் வருஷந்தோறும் அத்தொகை வர ஒரு நிரந்தர மகமை ஏற்பட வேண்டும். நோயுள்ள வீட்டில் பெண் கேட்கவும் கொடுக்கவும் நாம் தயங்கலாகாது. இம்மூன்றனுள் மூன்றாவதற்குக் காசு வேண்டியதில்லை. அதுவே அரிதென்பதை நான் அறிவேன். அது நிறைவேறும் நாளில் அக்குழந்தையின் பெயரை அதன் தந்தையே இம்மேடையில் ஏறிச் சொல்வார்.