அயல் வீட்டுப் பலகாரத் தட்டு



சித்திரை வருஷம் பிறக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. இந்த நாட்களில் இலங்கையில் எந்த ஊருக்குப் போனாலும் மா வறுக்கும் வாசமும் எண்ணெய் காயும் வாசமும் ஒழுங்கை முகப்பிலேயே நம்மை மறிக்கும். மாத்தறையில் ஒரு சிங்களக் குடும்பம் கெவும் சுட ஆயத்தமாகிறது. சுன்னாகத்தில் பயற்றம் பணியாரத்துக்குப் பயறு வறுக்கிறார்கள். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் அதிரசத்துக்குப் பாகு காய்கிறது. பேசும் மொழி வேறு, கும்பிடும் தெய்வம் வேறு. அடுப்படியில் இருப்பது மட்டும் ஏறக்குறைய ஒரே பொருள்: கொஞ்சம் மா, ஏதோ ஒரு பாகு, ஒரு தாச்சி எண்ணெய். இந்தப் பலகாரங்களுக்கு இடையில் உள்ள உறவைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வருஷப்பிறப்புக்கு ஏன் எண்ணெய்ப் பலகாரம்? சிங்கள மக்கள் பழைய வருஷம் முடிந்து புதியது தொடங்கும் இடைப்பட்ட நேரத்தை 'நோனகத்த' என்பார்கள். அந்த நேரத்தில் அடுப்பு மூட்டுவதில்லை, வேலை எதுவும் செய்வதில்லை. நமக்கு அது விஷு புண்ணியகாலம்; மருத்துநீர் வைத்துத் தோயும் நேரம். இரு பக்கமும் வருகிற விருந்தாளிகளுக்கு நாட்கணக்கில் கொடுக்கப் பலகாரம் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் இதற்கு வழி ஒன்றுதான் இருந்தது. பாகு மாவிலுள்ள ஈரத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கொதிக்கும் எண்ணெய் மிச்ச ஈரத்தை வெளியேற்றும். ஈரம் கிடைக்காத இடத்தில் பூஞ்சணம் பிடிக்காது. அதனால்தான் அரியதரமும் கெவுமும் தகரப் பேணிக்குள் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கின்றன.

இப்போது நம்முடைய பயற்றம் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். பயறை வறுத்துத் திரித்த மா, வறுத்த தேங்காய்ப்பூ, சீனிப் பாகு, கொஞ்சம் மிளகு, சீரகம், ஏலக்காய். சூட்டோடு சூடாக உருண்டை பிடித்து, அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, அதில் தோய்த்துப் பொரிக்கிறோம். சிங்கள வீட்டில் முங் கெவும் என்று ஒன்று உண்டு. அதற்கும் பயறை வறுத்துத் திரிக்கிறார்கள். அரிசி மா சேர்த்துக் கித்துள் பாணியில் குழைக்கிறார்கள். தட்டையாகப் பரப்பிச் சாய்சதுரமாக வெட்டுகிறார்கள். பிறகு மஞ்சள் சேர்த்த அரிசி மாக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். நாம் உருட்டுகிறோம், அவர்கள் வெட்டுகிறார்கள். நமக்கு மிளகு உறைக்கும், அவர்களுக்குக் கித்துள் மணக்கும். உள்ளே பயறு, வெளியே அரிசி மாப் போர்வை என்ற அமைப்பை எந்தக் காலத்தில் யார் யாரிடம் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்ல எழுத்துச் சான்று கிடையாது. பலகாரத் தட்டு போய் வந்த பாதையில்தான் இதுவும் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வருஷத்தன்று அயல் வீட்டிலிருந்து வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை என்ற பழக்கம் இரு பக்கமும் இருக்கிறது. கிணற்றடியில் நின்று, "இதை எப்படிச் செய்தீங்கள்?" என்று கேட்ட பெண்களின் பெயரை எந்தச் சரித்திரப் புத்தகமும் எழுதவில்லை. ஆனால், அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

கொண்ட கெவும் சுடுவதைப் பார்த்திராதவர்கள் ஒரு முறையாவது அருகில் நின்று பார்க்க வேண்டும். அரிசி மாவையும் கித்துள் பாணியையும் கரைத்து ஊறவிடுவார்கள். குழிவான சிறிய தாச்சியில் தேங்காயெண்ணெய் கொதிக்கும். ஓர் அகப்பை மாவை விட்டதும் ஓரம் முதலில் வெந்து இறுகும். நடு இன்னும் நெகிழ்ந்திருக்கும். அந்தக் கணத்தில் ஓர் ஈர்க்கை நடுவில் குத்திச் சுழற்றிக்கொண்டே மேலே சூடான எண்ணெயை அள்ளி அள்ளி விடுவார்கள். நெகிழ்ந்த மா ஈர்க்கைச் சுற்றி எழும்பிக் கொண்டையாக நிற்கும். ஈர்க்கை எப்போது குத்துவது, எப்போது உருவுவது என்பதெல்லாம் கைப்பழக்கம். அளவு எழுதிக் கொடுத்தாலும் அது வராது.

அரியதரத்துக்கும் அப்படி ஒரு கைப்பழக்கம் வேண்டும். பச்சையரிசியை ஊறவைத்து, நீர் வடித்து, ஈரம் முழுக்க உலருவதற்கு முன் இடித்து அரித்த மாதான் பாகை வாங்கும். கடையில் வாங்கிய காய்ந்த மா வாங்காது. பாகு இளகியிருந்தால் எண்ணெயில் விட்டதும் பிரிந்து கரையும். முதிர்ந்து போனால் கடிக்க முடியாது. குழைத்த மாவை உடனே சுடாமல் ஊறப்போட வேண்டும். யாழ்ப்பாணத்தில் அரியதரம் என்கிறோம். மலையகத்திலும் தமிழ்நாட்டிலும் இது அதிரசம். சிங்களத்தில் அதிரஸ. ஆந்திராவில் அரிசெலு, கர்நாடகத்தில் கஜ்ஜாயா, ஒடிசாவில் அரிசா பிட்டா, மகாராஷ்டிரத்திலும் பீகாரிலும் அனரசா. விஜயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் பெருமாளுக்குப் படைத்த பணியாரங்களில் அதிரசமும் இடம்பெறுகிறது.

வடக்கே இன்னும் போகலாம். நேபாளத்தில் திகார் பண்டிகைக்கு அரிசியை ஊறவைத்து அரைத்து, இனிப்புச் சேர்த்து, எண்ணெயில் வளையமாக ஊற்றிச் செல் ரொட்டி சுடுகிறார்கள். பங்களாதேஷ் கிராமங்களில் குளிர்காலம் வந்தால் ஈச்ச மரத்தில் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவார்கள். அந்த வெல்லத்தில் அரிசி மாவைக் கரைத்துக் கொதிக்கும் எண்ணெயில் ஊற்றினால் நடு உப்பி எழும்பும். அதன் பெயர் தேலேர் பிட்டா. அதைச் சுடுகிற வங்காளத் தாயையும் கெவும் சுடுகிற மாத்தறைத் தாயையும் ஒரே அடுப்படியில் நிறுத்தினால், பொதுவாக ஒரு சொல் இல்லாமலே வேலை நடக்கும்.

மா பெரும்பாலும் அரிசி மாதான். எந்த ஊர்ப் பலகாரம் என்று நாக்குக்குச் சொல்வது பாகு. வங்காளத்தில் ஈச்சம் வெல்லம். இலங்கையின் ஈர வலயத்தில், கேகாலை, இரத்தினபுரி, சிங்கராஜக் காட்டு ஓரங்களில் கித்துள் பாணி. யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி. ஆந்திராவில் கரும்பு வெல்லம். ஒரு பலகாரத்தை ஓர் ஊருக்குச் சொந்தமாக்குவது அந்த ஊர் மண்ணில் நிற்கிற மரம் என்று நான் நம்புகிறேன்.

கடல் வழியாக வந்தவையும் உண்டு. கொக்கிஸைப் பாருங்கள். பூ வடிவ இரும்பு அச்சை முதலில் எண்ணெயில் சூடாக்கி, அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கரைத்த கலவையில் விளிம்பு மூழ்காமல் தோய்த்து, மறுபடி எண்ணெயில் பிடித்தால் மா பொரிந்து கழன்று விழும். ஒல்லாந்தர் இலங்கைக் கரையோரத்தை 1658 முதல் 1796 வரை ஆண்டார்கள். கொக்கிஸ் அவர்கள் வழியாக வந்தது என்பது பொதுவான கருத்து. ஐரோப்பிய அச்சு நம் அரிசியையும் தேங்காயையும் சந்தித்த பிறகுதான் கொக்கிஸ் ஆனது. இன்று அது இல்லாமல் சிங்கள வருஷ மேசை நிறையாது. அதே அச்சில் கேரளக் கிறிஸ்தவர்கள் நத்தாருக்கு அச்சப்பம் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் அது அச்சு முறுக்கு. மலேசியாவில்கூட அதே பூ பொரிகிறது.

ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் அதன் அயல் தீவுகளிலிருந்தும் போர்வீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் இங்கே வந்த மலாய் மக்கள், தங்களோடு சமையலையும் கொண்டு வந்தார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை மணிக்கணக்கில் கிண்டுகிற தொதல் அப்படி வந்ததாகத்தான் சொல்லப்படுகிறது. அம்பாந்தோட்டைத் தொதலுக்குத் தனிப் பெயர் உண்டு. தேங்காய்ப்பாலில் கித்துள் கருப்பட்டியைக் கரைத்து, முட்டை அடித்து ஊற்றி, ஆவியில் அவிக்கிற வட்டிலப்பமும் மலாய்க் கொடை என்பார்கள். இலங்கை முஸ்லிம் வீடுகளில் பெருநாள் காலை அதில்தான் தொடங்கும். கடலுக்கு அப்பால் கீழக்கரையிலும் தொதல் இருக்கிறது. காயல்பட்டினத்தில் வட்டலப்பம் இருக்கிறது. முஸ்லிம் கடல் வணிகர்களான மரக்காயர்களின் தோணிகள் இரு கரைக்கும் இடையே முத்தும் துணியும் பாக்கும் ஏற்றிப் போய் வந்தபோது சமையலும் ஏறி இறங்கியது.

இப்படி இருக்கையில், "இது யாருடைய பலகாரம்?" என்று கேட்டுச் சண்டை பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்தியாவில் மேற்கு வங்காளமும் ஒடிசாவும் ரசகுல்லாவுக்காகப் பல ஆண்டுகள் வாதாடின. புவிசார் குறியீடு 2017இல் வங்காளத்து ரசகுல்லாவுக்கும், 2019இல் ஒடிசாவின் ரசகுல்லாவுக்கும் தனித்தனியாகக் கிடைத்தது. ஒன்று வெள்ளையாகவும் மெத்தென்றும் இருக்கும். மற்றது பழுப்பு நிறம், வாயில் கரையும். இரண்டும் உண்மை என்று பதிவேடே ஒப்புக்கொண்டது. ஓர் ஊரின் செய்முறையைக் காப்பாற்ற அந்தக் குறியீடு உதவட்டும். அதை நான் வரவேற்கிறேன். அயலவன் வாயிலிருந்து பிடுங்குவதற்கு அது உதவக் கூடாது.

நம் நாட்டில் இதைவிடக் கொடிய காலம் ஒன்று இருந்தது. போர் நடந்த ஆண்டுகளில் பல ஊர்களில் பலகாரத் தட்டுகள் நின்றே போயின. கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வருவது 1990இல் நின்றது. 2014 அக்டோபரில்தான் அது மறுபடி வந்தது. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள், மற்றப் பக்கத்து மக்களைச் சீருடையில் மட்டும் அல்லது செய்தியில் மட்டும் கண்டார்கள்; அவர்கள் வீட்டு அடுப்படியைக் காணவே இல்லை. பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை, பால்மாவுக்கு வரிசை. அந்தச் சித்திரையில் கொழும்பு காலிமுகத்திடலில் கூடியிருந்த போராட்டக்காரர்கள் வருஷத்தை அங்கேயே கொண்டாடினார்கள். பாற்சோறும் கெவுமும் கை மாறின. அது நோன்பு மாதமும்கூட. மாலையில் அதே திடலில் முஸ்லிம்கள் நோன்பு துறந்தபோது மற்றவர்களும் கூட இருந்து உண்டார்கள். எந்த மேடைப் பேச்சையும்விட அந்தக் காட்சியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால், வேறு ஓர் ஆபத்து சத்தமில்லாமல் வருகிறது. கித்துள் மரம் ஏறுகிறவர்கள் குறைந்து வருகிறார்கள். உயரமான அந்த மரத்தில் காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவி, இறக்கிய நீர் புளிக்கும் முன் அன்றைக்கே சுண்டக் காய்ச்ச வேண்டும். கால் தவறினால் உயிர் போகும். பிள்ளைகளை அந்தத் தொழிலில் விட எந்தத் தகப்பனும் தயங்குவான். அசல் பாணி அரிதாகிப் போக, சீனிப் பாகு கலந்த போத்தல்கள் சந்தையை நிறைக்கின்றன. வடக்கில் பனையின் கதையும் அதுதான். போர் எத்தனையோ தோப்புகளை அழித்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இருந்தும், பதநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுகிற வீடுகள் இன்று சில ஊர்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டியைத் தொட்டே பார்க்காத யாழ்ப்பாணப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாகு போனால் பலகாரத்தின் பெயர் மட்டும் மிஞ்சும். சீனியில் செய்த கெவும் காலியிலும் ஒரே ருசி, கண்டியிலும் ஒரே ருசி.

நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் பலகாரப் பெட்டியைக் கடையில் வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பலகாரத்தையாவது வீட்டில் செய்யுங்கள். அம்மம்மாவோ அப்பம்மாவோ உயிரோடு இருந்தால் அவரைப் பக்கத்தில் இருத்தி, எத்தனை சுண்டு மா, எவ்வளவு பாகு, எத்தனை நேரம் ஊறல் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகளை அடுப்படிக்குள் விடுங்கள், ஆண்பிள்ளைகளையும்தான். வீதியோரம் கித்துள் பாணியோ பனங்கட்டியோ விற்கிறவர் அதைத் தானே காய்ச்சியவர் என்றால், விலை பேசிக் குறைக்காமல் வாங்குங்கள். செய்ததில் ஒரு தட்டை மூடி, வேறு மொழி பேசுகிற அயல் வீட்டுக்கு உங்கள் கையாலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.